வாய்தா வாங்கிய நாட்கள்

ஜூன் 12, 2025, வியாழன்

இன்று சொல்லாதது: "நானே விசாரிக்கிறேன், அம்மா."

விழுப்புரம் முன்சீப் கோர்ட். லட்சுமியம்மாள் வழக்கு. வளவனூர் பக்கத்துக் கிராமம். கணவர் இறந்த பிறகு, குடும்பப் பொதுக் கிணற்றில் அவருக்குப் பங்கே கிடையாது என்று கொழுந்தன் வேங்கடேசன் மோட்டார் அறையைப் பூட்டிவிட்டார். இன்று வேங்கடேசன் கூண்டில் நின்றார். பத்து வருடமாக அண்ணி நிலம் தரிசு, கிணற்றுத் தண்ணீரை அவர் தொட்டதே இல்லை என்று சாட்சி சொல்லி முடித்தார். எங்கள் தரப்பில் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். சீனியர் தாண்டவராயன் புதுச்சேரியில். எனக்கு இட்ட வேலை வழக்கமானதுதான்: எழுந்து நின்று வேறு தேதி கேட்பது. வாய்தா வாங்குவது.

நீதிபதியும் பெண்தான், என் வயதுதான் இருக்கும். வழக்குக் கட்டைப் புரட்டிவிட்டு, இனி தேதி கிடையாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களே கேக்கலாமே?"

அந்தக் கட்டு எனக்கு மனப்பாடம். வாரக்கணக்கில் ரயிலில் நாவலைக்கூட மூடிவைத்துவிட்டு அதைத்தான் படித்திருக்கிறேன். ஆனாலும் வாய் தன் பாட்டுக்குச் சொன்னது - சீனியர் வந்துடுவாரு அம்மா, ஒரே ஒரு வாய்தா.

'குறுக்கு விசாரணை இல்லை' என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

வராந்தாவில் லட்சுமியம்மாள் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்மா, அங்க நின்னுக்கினு இருந்தது நீதான? நீயே கேட்டா ஆவாதா?"

மனு போட்டால் சாட்சியைத் திரும்பக் கூப்பிடலாம் என்று சொன்னேன். அவர் கேட்டது அதை இல்லை.

ஜூன் 13, வெள்ளி

சீனியர் திட்டவில்லை. "பரவால்லம்மா, மறுபடி கூப்பிட மனு போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னிடம் எதையாவது எதிர்பார்த்திருந்தால்தானே திட்டுவதற்கு.

குமாஸ்தா கண்ணையன் எனக்குப் பெயர் வைத்திருக்கிறார். நான் படியேறும்போது உள்ளே குரல் கேட்டது: "வாய்தாம்மா வந்துட்டாங்க, டீ ஒண்ணு சேத்து சொல்லு." கெட்ட எண்ணம் இல்லை. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஜூன் 24, செவ்வாய்

வக்கீல் தொழில் பாதி கோர்ட்டில், பாதி சாயங்கால ஆபீஸில். ஆறு மணிக்கு மேல்தான் கட்சிக்காரர்கள் வருவார்கள், கட்டுகள் பிரியும். ஜூனியர் அங்கே உட்கார்ந்தால்தான் தொழில் வரும். எங்கள் வீட்டிலோ பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஜைனர்கள். விளக்கு வைத்த பிறகு அம்மா அடுப்பைத் தொடமாட்டாள். எனக்கும் அதற்கு மேல் தொண்டையில் இறங்காது. சூரத்தில் புகுந்த வீடும் அப்படித்தான். ஏழு வருடத்தில் அங்கே எனக்குப் பழகிய ஒரே விஷயம் அதுதான் போல.

ஆகவே ஐந்தரை மணிக்கு, பெண் வக்கீல்கள் அறையில் எல்லோரும் கிளம்பிய பிறகு, தனியாக டப்பாவைத் திறக்கிறேன். இன்று பெருக்க வந்த மலர்விழி பார்த்துவிட்டு, "இன்னா மேடம், இது மதியச் சோறா ராச்சோறா?" என்று கேட்டாள். ராத்திரிக்கு என்றேன். "அப்ப ராத்திரிக்கு?" ஒன்றுமில்லை என்றேன். என் நாற்காலியைச் சுற்றிப் பெருக்காமல் விட்டுவிட்டுப் போனாள்.

ரயிலில் திண்டிவனம் வந்து இறங்கும்போது வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அப்பா கதவைத் திறந்துவிட்டுப் போய்ப் படுப்பார். ஒரு வீட்டில் மூன்று பேர் இருந்தும், சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டு எத்தனை நாளாகிறது?

ஜூலை 9, புதன்

மனு அனுமதிக்கப்பட்டது. வேங்கடேசன் மறுபடி கூண்டேற வேண்டும். மனுவை எழுதியது பூவரசன். என்னைவிட ஐந்து வயது சின்னவன், ஆபீஸில் என்னைவிட சீனியர்.

ஜூலை 22, செவ்வாய்

வேறு வழக்குக்குச் சாட்சியாக வந்த லட்சுமியம்மாள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தானையில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. "மண்ணுக்கடியில வெளையறது உங்க ஜனம் துண்ணாதாமே?" என்று சந்தேகத்தோடு நீட்டினார். கிழங்குதான் சாப்பிட மாட்டோம், மல்லாட்டை சாப்பிடுவோம் என்று வாங்கிக்கொண்டேன்.

"இது கடையில வாங்கினதும்மா. எங்க மல்லாட்டைன்னா இப்படியா இருக்கும்? அவன் பூட்டற வரைக்கும் மார்கழிப் பட்டம் தவறாம போடுவேன். பங்குனியில புடுங்குறதுக்கு அவன் பொண்டாட்டியே வருவா, கூலிக்கு."

சொல்லிவிட்டு, உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு என்று கேட்டார். பிரிஞ்சுட்டோம் என்றேன். ஊரில் யாரிடமும் இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை. அவர் என் கையில் இன்னொரு பிடி மல்லாட்டை போட்டார். அவ்வளவுதான்.

ரயில் முண்டியம்பாக்கம் தாண்டும்போதுதான் உறைத்தது. மார்கழியில் போட்டால் அதற்கு மழை ஏது?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் சீனியரின் செய்தி: 'பாண்டியில் மாட்டிக்கொண்டேன். வாய்தா வாங்கிவிடு.'

வழக்கைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். நீதிபதி பேனாவை எடுத்துவிட்டார், தேதி எழுத அல்ல, முடித்து வைக்க. லட்சுமியம்மாள் பின் பெஞ்சில். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நானே விசாரிக்கிறேன், அம்மா.

குரல் எனக்கே கேட்கவில்லை. நீதிபதி "சத்தமா" என்றார். மறுபடியும் சொன்னேன்.

முதல் சில கேள்விகள் உளறல். எதிர்த்தரப்பு வக்கீல் கொட்டாவி விட்டார். வேங்கடேசன் சாவகாசமாகப் பதில் சொன்னார்: சுற்றுவட்டாரத்தில் வேறு கிணறு இல்லை, ஏரிப் பாசனம் இல்லை, எல்லாம் இந்த ஒரு கிணறுதான். அதன் பிறகு கேட்டேன்: உங்கள் மனைவி அண்ணிக்கு மல்லாட்டை பிடுங்கிக் கொடுத்தது சும்மா உதவிக்குத்தானே, கூலி வாங்கவில்லையே?

அவருக்குச் சுருக்கென்றது. "சும்மா போறதுக்கு எங்க வூட்டு பொம்பள இன்னா அவங்களுக்கு அடிமையா? கூலி வாங்கிக்கினுதான் போனா."

"எந்த மாசம்?"

"பங்குனியில."

"ஒரு தடவையா?"

"வருஷா வருஷம்தான்."

கொட்டாவி நின்றது. பங்குனியில் பிடுங்கிய மல்லாட்டைக்கு மார்கழியிலிருந்து எந்தத் தண்ணீர் பாய்ந்தது என்று கேட்டேன். வேங்கடேசன் தன் வக்கீலைப் பார்த்தார். நீதிபதி, "என்னைப் பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். யாருக்காவது போன் செய்ய வேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளினேன். பிறகு பையில் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

சீனியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் என்னம்மா சொல்லியிருந்தேன்?"

"வாய்தா வாங்கச் சொன்னீங்க சார்."

"வாங்கினியா?"

"இல்ல சார்."

"நீ சொதப்பியிருந்தா அந்தம்மா யாரைக் கேட்டிருப்பாங்க? வக்காலத்து என் பேர்ல இருக்கு."

அதில் நியாயம் இருந்தது. சொதப்பியிருக்கலாம்தான். முதல் கேள்விகளில் சொதப்பவும் செய்தேன்.

"திண்டிவனத்துலருந்து வந்து போறது உனக்கும் சிரமம். நாளைலேருந்து சாயந்தரம் வர வேணாம்மா." அதே மெல்லிய குரல். பூவரசன் தலை நிமிரவில்லை. கண்ணையன் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். வாய்தாம்மா என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7

போகவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

திண்டிவனம் கோர்ட்டுக்குப் போகத் தொடங்கி ஒரு மாதமாகிறது. சீனியர் இல்லை, கட்சிக்காரர் இல்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி மட்டும் என்னுடையது என்று ஆகியிருக்கிறது. மற்றவர்களின் வழக்குகளை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "தினமும் போய் அங்க என்னதான் பண்ற?" என்று அம்மா கேட்டாள். உக்காந்துக்கினு இருக்கேன் என்றேன். நான் கேலி செய்வதாக நினைத்துக் கோபித்துக்கொண்டாள்.

ஏன் வாய்தா வாங்கவில்லை என்று சில ராத்திரிகளில் யோசிக்கிறேன். வாங்கியிருந்தால் இன்றைக்கும் ஒரு ஆபீஸ் இருந்திருக்கும். திட்டவாவது ஒரு ஆள் இருந்திருப்பார்.

ஜனவரி 23, 2026, வெள்ளி

பூவரசன் போன் செய்தான். "அக்கா, லட்சுமியம்மாள் கேஸ் தீர்ப்பாயிடுச்சு. கிணத்துல பங்கு உண்டுன்னு போட்டுட்டாங்க. வேங்கடேசன் பங்குனின்னு ஒத்துக்கினான் பாருங்க, அத வச்சிதான்." மேலும் ஏதோ சொல்ல வந்து, "சரிக்கா" என்று வைத்துவிட்டான்.

அவன் போனில் அனுப்பிய நகலில் தீர்ப்பைப் படித்தேன். வாதி தரப்பு வழக்கறிஞர்: தாண்டவராயன். அப்படித்தான் இருக்கும்.

மதியம் ஆரோக்கியசெல்வி என்று ஒருவர் ஜன்னலோர நாற்காலியைத் தேடிக்கொண்டு வந்தார். தீவனூர்க்காரர், பாதைத் தகராறு. வளவனூர்ப் பக்கம் தன் நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்து நிலம் லட்சுமியம்மாளுடையது, அவர் சொல்லித்தான் வந்தேன் என்றார். வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன். என் பெயரில் முதல் வக்காலத்து.

ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா மூன்று தட்டு வைத்தாள். வெளிச்சம் இருக்கும்போதே மூவரும் சாப்பிட்டு முடித்தோம்.