காதில் மாட்டாத முகக்கவசம்

அக்கா,

சாரல் ஆரம்பித்ததும் ஊரில் காய்ச்சலும் ஆரம்பித்துவிட்டது. நாளை முதல் பிள்ளைகள் முகக்கவசம் போட்டுத்தான் வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்ததால், இன்று சாயங்காலம் நானும் ஒன்றை மாட்டிக்கொண்டு, உன் மகளைக் கூட்டிக்கொண்டு கோவில் வாசல் பக்கத்து ஃபேன்ஸி கடைக்குப் போனேன். வளையல், ரிப்பனோடு சேர்த்து மாஸ்க்குகளையும் சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கரடி மூஞ்சி, பூனை மூஞ்சி, ஜிகினா ஒட்டியது. ஒன்றை உறையிலிருந்து உருவியதும் அந்தப் புது மாஸ்க் வாடை அடித்தது. அவ்வளவுதான், உன் மேல் இருக்கிற கோபமெல்லாம் கிளம்பிவிட்டது.

"தலைக்குப் பின்னால கட்டுறது இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கடைக்காரர் அவளைப் பார்த்தார். இரண்டு காதுக்குப் பின்னாலும் இருக்கிற காது கேட்கிற மிஷினையும் பார்த்தார். "இதாம்மா எல்லாரும் வாங்குதாங்க. பாப்பாவுக்கு இந்தப் பூனை நல்லாருக்கும்" என்றார்.

"எல்லாரும் காதுல மிஷின் வச்சிருக்காங்களா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவர் என்ன பாவம் செய்தார், உன்னிடம் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்டேன்.

பெருந்தொற்றுச் சமயம் குற்றாலம் பஸ்ஸில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. அவளுக்கு அப்போது நான்கு வயது. மூச்சு முட்டுகிறது என்று மாஸ்க்கை இழுத்துக் கழற்றினாள். காதில் மாட்டிய வாரோடு சேர்ந்து மிஷினும் தெறித்துப் போய் விழுந்தது. பஸ் முழுக்கச் சாரலில் நனைந்த செருப்புக் கால்கள். "ஒருத்தரும் மிதிச்சிராதீங்க, காலத் தூக்குங்க!" என்று கத்திக்கொண்டே நீ சீட்டுக்கடியில் புகுந்தாய். கண்டக்டர் விசிலடித்து வண்டியையே நிறுத்திவிட்டார். நல்லவேளை, கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த மாதிரி மாஸ்க் அத்தனையையும் குப்பையில் போட்டாய்.

அதற்குப் பிறகு நீ அவளுக்கு மாஸ்க் பார்த்த அழகு இருக்கிறதே! துணியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பாய். கட்டிவிட்டு மாடிப்படியில் ஏறி இறங்கச் சொல்வாய். மூக்கை விட்டு நழுவினால் கூடாது, மூச்சு வாங்கினாலும் கூடாது. கல்யாணப் பட்டு எடுக்கிறவர்கள்கூட அவ்வளவு பார்க்க மாட்டார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சருக்கு, வாய் தெரிகிற மாதிரி நடுவில் கண்ணாடிக் காகிதம் வைத்துத் தைத்தாய். மூச்சுக் காற்றில் ஆவி படியாமல் இருக்க உள்பக்கம் சோப்பு தடவிக் கொண்டுபோய்க் கொடுத்தாய். "இதப் போட்டா கோமாளி மாதிரில்லா இருக்கு" என்று டீச்சர் சிரித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டாள். நீ திரும்பி வந்துவிட்டாய். எனக்கு இன்னும் அந்த மேசையைப் புரட்டிப் போட வேண்டும்போல இருக்கிறது.

ஊரில் யார் வாயும் அவளுக்குத் தெரியவில்லை. அதனால் நீ உன் வாயைக் காட்டினாய். வீட்டுக்குள் காட்டினால் யார் வேண்டாம் என்றது? ரேஷன் கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில்கூட, அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தால் போதும், உடனே மாஸ்க்கை இறக்கி, உதட்டை அசைத்து அசைத்துப் பேசுவாய். கையால் ஜாடை காட்டினால் போதாதா என்று சண்டை போட்டேன். "இவ வாயப் பாத்துதாம்ட்டீ பேசப் படிக்கா. இந்த வயசு போச்சுன்னா திரும்ப வருமா?" என்று என் வாயை அடைத்துவிட்டாய்.

உனக்கு எங்கிருந்து தொற்றியது என்று டாக்டருக்கே தெரியாது. அந்த ஆஸ்பத்திரி வரிசைதான் என்று நானாக முடிவு கட்டி வைத்திருக்கிறேன். மகளுக்கு அத்தனை பார்த்தவள், உனக்கு ஏன் பார்க்கவில்லை? நீ போன பிறகு அத்தான் குவைத்துக்குத் திரும்பிப் போனார், பிள்ளை என்னிடம் வந்தாள். இத்தனை வருடமாக அவளுக்குத் தெரியாமல் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு எப்படித் தொற்றியது என்ற பேச்சே அவளுக்குத் தெரியாது என்றுதான் இன்று வரை நினைத்தேன்.

கடையில் நான் கரடியையும் பூனையையும் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவள் பெரியவர்களுக்கானதில் தடியான ஒன்றை எடுத்து, நீ பார்க்கிற மாதிரியே லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "சித்தி, இது உனக்கு. எங்கிட்ட பேசுததுக்கு இதக் கழட்டக் கூடாது. எழுதிக் காட்டு, நான் படிச்சுக்கிடுதேன்."

ஏன் என்று சைகையில் கேட்டேன்.

"அம்மா என்னாலதான செத்துப்போனா. பெரியாச்சி சொன்னாங்க."

நம் சுரண்டைப் பெரியம்மாவைத்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள். உன் பதினாறாம் நாள் அன்று மிஷினைக் கழற்றிவிட்டு அவள் என் மடியில் படுத்திருந்தாள். காது கேட்காத பிள்ளைதானே என்ற தைரியத்தில் பெரியம்மா எதிரே உட்கார்ந்துகொண்டு, "இந்தப் பிள்ளைக்கு வாயக் காட்டிக் காட்டியேதான் இவ போய்ச் சேந்தா" என்றாள். பெரியம்மாவின் மாஸ்க் கழுத்தில் கிடந்தது. ஊரே வாயை மூடிக்கொண்டு அலைந்தபோது அந்த ஒரு வாய்தானா திறந்திருக்க வேண்டும்? நீ பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த உதட்டுப் பாடத்தில் பிள்ளை இதைப் படித்து, யாரிடமும் சொல்லாமல் இத்தனை வருடம் வைத்திருக்கிறாள்.

போட்டிருந்த மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, கடையில் அத்தனை பேரும் பார்க்க அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். அவள் பயந்துபோய் என் வாயைப் பொத்த வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உன்னால இல்லட்டி. இங்கன பாரு. உன்னால இல்ல."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கேட்க மாட்டேன் என்று அவள் சொல்வது அப்படித்தான். திறக்கிற வரை காத்திருந்து மறுபடியும் சொன்னேன். அழுதாளே தவிர நம்பியதாகத் தெரியவில்லை.

இப்போது தூங்குகிறாள். நாளைக்குக் கட்ட, பழைய பருத்திச் சேலையைக் கிழித்து நாடா வைத்துத் தைத்துவிட்டேன். உன் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் அந்தக் கடையிலேயே குறைந்துவிட்டது அக்கா. உன்னால் இல்லை என்பதை வாயை மூடிக்கொண்டு அவளிடம் சொல்ல எனக்கும் வழி தெரியவில்லை. பெரியம்மா மேல் இருக்கிற கோபம் குறையவில்லை, குறைக்கிறதாகவும் இல்லை. அதைச் சுமந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை சுரண்டைக்குப் பஸ் ஏறுகிறேன், உன் மகளோடு. பெரியம்மா இவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, இவள் படிக்கிற மாதிரி நிதானமாக, உன்னால் இல்லை என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாமல் அங்கிருந்து நான் எழுந்திருக்க மாட்டேன்.