இரண்டு கேபிளும் ஒன்றான பிறகு

மார்ச் 4, செவ்வாய்
இன்று கடைசிச் செய்தியாக நானே படித்தேன்: திண்டிவனம் கேபிள் கம்பெனியை விழுப்புரம் கேபிள் கம்பெனி வாங்கிவிட்டது. எட்டு வருடமாக எங்கள் உள்ளூர்ச் செய்தி சேனல் இரண்டிலும் ஓடுகிறது. ஒருவர் கோபித்துக்கொண்டு நிறுத்தினாலும் மற்றவர் போடுவார். இனி? சேனல் ஓனர் கோதண்டபாணி சார், "நமக்கு ஒண்ணும் ஆவாது, கலையரசி" என்கிறார். ஆகாதா?

மார்ச் 19, புதன்
கெடார் பக்கம் போனேன். ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை மண்ணடித்து மூடி குடோன் கட்டுகிறார்கள். குத்தகை நிலத்தில் மல்லாட்டை போட்டிருக்கும் அம்சவள்ளி அக்கா கேமரா முன்னால், "ஏரி ரொம்பல. பயிரு கருகிக்கினு போவுது. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம உங்களைக் கூப்பிட்டேன்" என்றார். விசாரித்தால், குடோன் கேபிள் முதலாளியின் மச்சானுடையது. மாலையே கேபிள் கம்பெனி மேனேஜர் போன்: "அந்த நியூஸ் வேணாம்மா."
படித்தேன்.

மார்ச் 20
சேனல் இல்லை. விழுப்புரத்திலும் இல்லை, திண்டிவனத்திலும் இல்லை. டெக்னிக்கல் பிராப்ளமாம். ரெண்டு ஊர்லயும் ஒரே நேரத்துலயா?

ஏப்ரல் 2, புதன்
போட்டியை ஒழிக்கும் இணைப்புகளை விசாரிக்க டெல்லியில் ஓர் ஆணையம் உண்டு என்றார் வக்கீல் புகழேந்தி. மனு எழுதினேன். என் வீட்டுக்காரர் மணிமாறன்தான் டைப் அடித்தார். "டெல்லிக்காரன் திண்டிவனத்தை எட்டிப் பாப்பானா?" — கேட்டுக்கொண்டேதான் அடித்தார். ஒரு எழுத்துப்பிழை இல்லை.

ஜூன் 12, வியாழன்
பதில் வந்தது. இரண்டுமே சிறிய கம்பெனிகள், முன் அனுமதி வாங்க வேண்டிய அளவுக்குள் வரவில்லை, மனு முடித்துவைக்கப்படுகிறது.
சின்னதா? எங்க ரெண்டு ஊருக்கும் வேற எவன் இருக்கான்? அவங்களுக்குத்தான் சின்னது. அக்கா வீட்டு டிவிக்கு அதான் எல்லாம்.
கோதண்டபாணி சார் சேனலை மூடுகிறார். "செல்லுல போட்டுக்கோம்மா." அக்கா வைத்திருப்பது பட்டன் போன்.

ஜூன் 13
அழுதாச்சு. போதும்.

ஜூன் 28, சனி
கல்யாண மண்டபத்திலிருந்து புரொஜெக்டர் வாங்கிப் போய், கெடாரில் ரேஷன் கடைச் சுவரில் செய்தியைப் போட்டேன். நின்றுகொண்டே பார்த்தார்கள். தன் முகம் வந்ததும் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். முடிந்தும் யாரும் கலையவில்லை. "திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. எல்லாரும் போலாம்." சொன்னது நான் இல்லை, அக்கா.

ஜூன் 30
போனோம். ஒரு டெம்போ நிறைய. வாய்க்காலை அளக்க சர்வேயர் வருவாராம்.

ஜூலை 25, வெள்ளி
இதுவரை மூன்று ஊர்ச் சுவரில் போட்டாயிற்று. கேபிள் மேனேஜர் போன். "உங்க பேர்லயே சேனல் குடுத்துடறோம்மா. சுவத்துல காட்டறதை மட்டும் நிறுத்திக்குங்க."
"நாளைக்கு இன்னொரு நியூஸ் வேணாம்னு சொன்னீங்கன்னா?"
"அத அப்போ பாத்துக்கலாம்மா." ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். மணிமாறன் டீ போட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்
டெல்லி முடிவை எதிர்த்து மேல்முறையீடு போட்டாயிற்று. வழக்கு நம்பர் வந்தது. கேபிளில் இன்னமும் இல்லை.
காலையில் கெடாரில் ஜேசிபி. குடோன் சுவர் வாய்க்காலுக்குள் ஆறடி வந்திருந்ததாம். இடிக்கும்போது அக்கா கிட்டே போய்ப் போய் நின்றார். இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.
அதைச் சாயங்காலம் கண்டமங்கலத்தில் போட்டேன். ஐந்தாவது ஊர். வயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"எங்க ஊர்லயும் ஒரு விஷயம் இருக்குதுங்க. பெரிய ஆளு. பேர் சொல்லிப் படிப்பீங்களா?"
நோட்டை எடுத்தேன்.