ஒரு சோபாக் கட்டில் அளவு இடம்

ஏப்ரல் 5, 1997, சனி
பனியும் மழையும் கலந்து. மனைவி வதனியும் நானும் பிக்கரிங் பக்கம், ட்ரெயிலர் பார்க்க. கோடையில் காம்பிங் போக, எங்கள் வான் வண்டியின் பின்னால் கொளுவி இழுக்கும் வகை. இரண்டு பிடித்தன. ஒன்று சாதாரணம், நாலு பேர் படுக்கலாம். மற்றதில் ஸ்லைட் அவுட்: பட்டனை அழுத்தினால் பக்கச் சுவர் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. உள்ளே ஒரு சோபாக் கட்டில் அளவு இடம்.

வதனிக்கு இரண்டாவதுதான். "உங்கட அண்ணையும் வரலாமெல்லே."

பாரம் கூட, வான் இழுக்காது என்றேன். விற்பவர் வானின் மாடலைக் கேட்டுவிட்டு, தாராளமாக இழுக்கும் என்றார். மழை ஒழுகும் என்றேன்.

பால் வாங்க மறந்தாயிற்று.

ஏப்ரல் 7, திங்கள்
வெயில், ஆனாலும் குளிர். உண்மையான காரணம் பாரமும் இல்லை, ஒழுக்கும் இல்லை. அண்ணா நித்திரையில் கத்துவார். ஊரில் தடுப்பு முகாமில் இருந்து வந்த நாள் முதல். போன கோடை கூடாரத்தில் கத்தியபோது, பக்கத்தில் தங்கியிருந்த என் ஒபிஸ்காரர் டோர்ச்சோடு ஓடி வந்தார். பிறகு லஞ்ச் ரூமில் அதே கதை. இந்த முறையும் ஒபிஸ் ஆட்களோடுதான் போகிறோம்.

இடமில்லாவிட்டால் வர வேண்டாமென்று நான் சொல்லத் தேவையில்லை. சின்ன ட்ரெயிலரின் சுவரே சொல்லிவிடும். சீ.

ஏப்ரல் 12, சனி
அண்ணா தானும் பார்க்க வந்தார். ஷேவ் எடுத்து, நல்ல ஜாக்கெட் போட்டு. ஸ்லைட் அவுட் திறந்ததும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். மகள் துஷா, "பெரியப்பா, திஸ் இஸ் யுவர் ஸ்பொட்." சிரித்தார்.

நான்: "சுவர் ஓரத்து ரப்பர் வெடிச்சா தண்ணி உள்ள வரும் அண்ணை. மோட்டர் பழுதானா சுவர் திரும்பப் போகாது." யாரும் கேட்காமலே. திரும்பத் திரும்ப.

அண்ணா என்னைப் பார்த்தார். எழும்பினார். "உது வேண்டாம். சின்னதையே எடு. ஜூலையில எனக்கு ஷிப்ட் கிடக்கு."

ஜூலையில் அவருடைய பக்டரி இரண்டு கிழமை பூட்டு. எல்லாருக்கும் தெரியும்.

சின்னதுக்குக் கையெழுத்து வைத்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு
காற்று. பின்வேலி சரிந்துவிட்டது. பின்னேரம் வதனி, "அவருக்கு விளங்கீட்டுது. உங்களுக்கு விளங்குதோ?"

வேலியை நிமிர்த்தப் போனேன்.

ஏப்ரல் 14, திங்கள்
ஒபிஸிலிருந்து விற்பவருக்குப் போன் எடுத்து ஸ்லைட் அவுட் உள்ளதுக்கு மாற்றினேன். வேலை முடிந்து நேரே அண்ணாவின் பேஸ்மென்ட் வீட்டுக்கு. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பெரிசைத்தான் எடுத்திருக்கிறன். நீங்களும் வாறியள்."

"நல்லது. பிள்ளையளுக்கு விளையாட இடம் கிடைக்கும்."

"நீங்கள் படுக்கத்தான் அண்ணை."

"பிள்ளையள் விளையாடட்டும்."

குரலில் கோபமில்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். சாப்பிட்டுப் போகச் சொன்னார், இரண்டு தட்டு எடுத்து வைத்தார். சாப்பிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.