நான்காவது உச்சி

அன்புள்ள அத்தான்,

கல்லறைத் திருநாளன்று நான் உங்களைப் பார்க்க வராததற்கு மூட்டுவலிதான் காரணம் என்று மாதா கோவிலில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. என் மரியாதையைக் காப்பாற்ற நினைத்து நம் மருமகள் சொன்ன காரணம் அது. என் மூட்டுகள் நன்றாக இருக்கின்றன. அன்று நான் குருமலையில் இருந்தேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிப்பவர்களுக்குத் தெரியாது. சம்பந்தி வீட்டார் முதன்முறை வந்திருந்தபோது, இளவயதில் ஒரே பகலில் குருமலையின் நான்கு உச்சிகளிலும் ஏறி இறங்கியதாகவும், நான்காவதிலிருந்து கடலைப் பார்த்ததாகவும் சொன்னீர்கள். "இவிய சொல்லுததுல பாதியைத் தள்ளிருங்க" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் இருந்தீர்கள். மலை என்ற சொல்லையே எடுக்கவில்லை. நான் கவனித்தேன். கேட்கவில்லை.

ஆகவே சரிபார்க்கப் போனேன். முதல் பஸ். அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் மூக்கம்மா வழிகாட்டச் சம்மதித்தாள். முந்தின நாள் நல்ல ஐப்பசி மழை. மகன் வாங்கித் தந்த கான்வாஸ் ஷூவோடு கரிசல் காட்டுக்குள் இறங்கிவிட்டேன். இருபது அடி வைப்பதற்குள் காலைத் தூக்க முடியவில்லை.

"ஏம்மா, ஈரக் கரிசலுக்குப் போய் பூட்சு போட்டு வந்திருக்கிய? கால்ல ரெண்டு அம்மியில்லா கட்டியிருக்கு!"

"நானும் இங்கன பொறந்தவதான்."

"பொறந்தாப் போதுமா? நடக்கணும்லா!"

ஷூவைக் கழற்றினேன். அவள் குச்சியால் மண்ணைச் சுரண்டிக் கையில் கொடுத்தாள். பாறை வந்த பிறகு போட்டுக்கொண்டேன்.

முதல் உச்சி காலை எட்டு மணிக்கு. இரண்டாவது, பகல் பன்னிரண்டுக்கு முன்னால். ஒவ்வொன்றுக்கும் இடையில் அடிவரை இறங்கித்தான் மறுபடி ஏற வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. அல்லது நான் சொல்ல விடவில்லை.

மூன்றாவதில் நின்றபோது மணி மூன்றரை. கிழக்கே கடல் இல்லை. நான்காவது உச்சிதான் குறுக்கே நின்றது.

"அங்கன ஏறினா கடல் தெரியுமா?"

"தெரியும்னு சொல்லுவாவ. ஆனா அங்கன தெரியுதது கடல்தானான்னு நான் எப்பிடிச் சொல்ல? நான் கடலையே பாத்ததில்லையே." பிறகு சூரியனைப் பார்த்தாள். "இனி ஏறினா எறங்கையில இருட்டிரும். என் ஆடும் போயிரும், நீங்களும் போயிருவிய. வாங்க."

இறங்கினோம்.

எனக்கு அறுபத்தெட்டு வயதில் மூன்று முடிந்தது என்றால், உங்களுக்கு இருபத்திரண்டு வயதில் நான்கு முடியும். போன வாரம் சம்பந்தி வந்திருந்தார். "அண்ணாச்சி, அவிய சொன்னதுல எதையும் தள்ள வேண்டாம்" என்றேன். "எதைச் சொல்லுதிய?" என்றார். அவருக்கு அந்தப் பேச்சே நினைவில்லை. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் இருந்திருக்கிறது.

அடுத்த ஐப்பசியில் நான்காவதிலிருந்து தொடங்குவேன். கடல் தெரிந்தால் அதே வீட்டில், அதே ஆட்கள் முன்னால் சொல்வேன். தெரியாவிட்டாலும் மறைக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அன்று எல்லாரோடும் சேர்ந்து சிரித்தீர்களே, உங்களுக்கு வலித்ததா? வாயால் சொல்வதை நான் ஏற்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். காலண்டரில் தேதித்தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதி வைப்பீர்களே, அவ்வளவு போதும். பதிலை எழுத்தில் தாருங்கள்.

உங்கள் மனைவி,
ரெஜினா