செத்த பிறகு ஒரு சிரிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

மாமல்லபுரத்திலிருந்து இசக்கிமுத்து வணக்கத்துடன் எழுதுகிறேன். மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய் என்றுதான் இந்தக் கடிதம். வருகிற வெள்ளிக்கிழமை சீரியலில் நான் செத்துவிடுகிறேன். கவலைப்படாதே, அடுத்த சீரியலுக்கும் என்னைப் பேசிவிட்டார்கள்.

பதினோரு வருடமாக அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நின்றவன் நான். செத்த பிறகுதான் கேமரா என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. கடற்கரை மணலில் கிடந்தபோது கையில் நண்டு ஏறியது; நான் அசையவில்லை. சும்மா கிடப்பதுதான் நடிப்பிலேயே கஷ்டம் அம்மா.

சாவுக் காட்சி முடிந்ததும் நடித்தவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அபசகுனம் கழிய எங்கள் தொழிலில் அது ஒரு சாங்கியம். நீ இதைப் பார்ப்பாயே என்ற நினைப்பில் எனக்குச் சிரிப்பே வரவில்லை. நாற்பது பேர் காத்து நின்றார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மீன்காரம்மா ஒருத்தி கத்தினாள்: "இன்னா அண்ணாத்த, இம்மா நேரம் நல்லா செத்துகினு கெடந்த, சிரிக்க மட்டும் வர்லியா?" அவ்வளவுதான், வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பருப்புப் பொடி கொஞ்சம் அனுப்பு. கடைப் பொடியில் நம் வீட்டு ருசி இல்லை. அப்பாவின் பழைய போர்வையையும் சேர்த்து வை, ரூமில் ஏ.சி. குளிர்கிறது.

வேன் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை டிவியில் காட்ட மாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை சீரியல் முடிந்ததும் எனக்குப் போன் போடு. நீ ஒன்றும் பேச வேண்டாம், நான் சிரிக்கிறேன்.

உன் மகன்
இசக்கிமுத்து