திருத்தத்துக்கும் அதே அளவு எழுத்து

12 அக்டோபர் 2025, ஞாயிறு

சொந்த வலைத்தளம் கட்டத் தொடங்கி ஒன்பதாம் நாள். கோப்பில் தலைப்பின் நிறத்தை மாற்றிச் சேமித்தால், திரையில் பக்கத்துச் சன்னலில் தளமும் உடனே மாறுகிறது. எப்படி? நான் வேறெதையும் அழுத்தவில்லையே. சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் மகள் வேல்விழியிடம் கேட்டேன். "ஒரு புரோகிராம் ஒங்க ஃபைலையே பாத்துக்கிட்டு இருக்குதுப்பா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஒங்கள மாதிரிதான், வேற வேலை கெடையாது."

14 அக்டோபர், செவ்வாய்

நிருபராக இருந்தபோது நான் எழுதிய பழைய செய்திகளின் நறுக்குகளைத் தட்டச்சு செய்து ஏற்றுகிறேன். இன்று 1997, செராமிக் சூளைச் சுவர் இடிந்த செய்தி. 'தொழிலாளி பக்கிரியின் கவனக்குறைவே காரணம்.' மேற்பார்வையாளர் சொன்னது. சுவரில் முன்பே விரிசல் இருந்தது பிறகு தெரிந்து, இரண்டு நாள் கழித்து ஆறாம் பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. அந்த நறுக்கு என்னிடம் இல்லை. தன் பெயரில் வந்த செய்தியை வெட்டி வைக்கிற நிருபர் திருத்தத்தை வெட்டி வைப்பதில்லை. தேடிச் சேர்க்க வேண்டும்.

அன்றன்று முடித்ததைப் 'புஷ்' செய்யச் சொல்லியிருக்கிறாள் வேல்விழி. செய்தேன்.

16 அக்டோபர்

நான் மாற்றிய ஒவ்வொன்றையும் தேதியோடு வைத்திருக்கிறது வேல்விழி போட்டுக் கொடுத்த 'கிட்' என்ற புரோகிராம். அடித்துவிட்ட வரிகூட அழியவில்லை!

27 அக்டோபர், திங்கள்

பக்கிரியின் மகள் அமிர்தம் போன் செய்தாள்.

"எங்கப்பா பேர்லதான் சார் செராமிக் பொம்மை விக்கிறேன். பேரைத் தட்டுனா ஒங்க செய்திதான் மொதல்ல வருது. கோயம்புத்தூர் கடைக்காரங்க ஆர்டரை நிறுத்திட்டாங்க."

அது இன்னும் வெளியாகவில்லையே என்றேன்.

"வெளியாவலியா? என் கையில இருக்குது சார்."

புஷ் என்றால் பத்திரிகையில் போல டெஸ்க்குக்கு அனுப்புவது, யாரோ படித்துப் பார்த்துத்தான் போடுவார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன். முப்பத்தோரு வருடப் பழக்கம். வேல்விழியைக் கேட்டேன்: புஷ் செய்த உடனே தளத்தில் வெளியாகிவிடுமாம், இங்கே டெஸ்க்கே கிடையாதாம். அடச்சே — இதைக்கூடவா கேட்டுத் தெரிஞ்சுக்கல நான்?

2 நவம்பர், ஞாயிறு

பக்கிரி வீட்டுக்குப் போனேன். செய்தியை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுத்துட்டா? படிச்சவங்களுக்கு அது தப்புன்னு யாரு சொல்றது?" என்றார். "அன்னிக்கு என்னைத் தவிர எல்லாரையும் கேட்டீங்க. என் பேரைப் பெருசா போட்டீங்க, திருத்தத்தை எறும்பு சைஸுல போட்டீங்க. எடம் இல்லன்னாங்க. இப்போ எடம் இருக்குதுல்ல?"

இருக்கிறது. நோட்டை எடுத்தேன். இரண்டு மணி நேரம் பேசினார். விரிசலை மூன்று முறை சொல்லியிருக்கிறார், யாரிடம், என்றைக்கு என்பது உட்பட. 1997இல் இதைக் கேட்க எனக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

9 நவம்பர், ஞாயிறு

முகப்பில் முதலில் இருப்பது திருத்தம். பழைய செய்தி அதன் கீழே, அதே அளவு எழுத்தில். அமிர்தம் அனுப்பிய அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கோயம்புத்தூர்க்காரர்கள் மறுபடி பொம்மை கேட்டிருக்கிறார்கள்.

மாலையில் பக்கிரி போன் செய்தார். "எல்லாம் சரியா இருக்குதுங்க. வயசு அறுபத்தெட்டுன்னு போட்டிருக்கீங்க. அறுபத்தாறு. ரெண்டு வருசத்தை ஏன் கூட்டுனீங்க?"

மாற்றினேன். மாற்றியதையும் கீழே ஒரு வரியாக எழுதினேன். போனிலேயே அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"ம். போடுங்க" என்றார்.

புஷ் செய்தேன்.