முன்கையும் பின்கையும்

786

கீழக்கரை
14-11-1961

அன்பு மகன் பாக்கருக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கும் குறிப்பாக உன் இரண்டு கைகளின் சுகத்துக்கும் துஆச் செய்தபடி இருக்கிறோம். இனிமேல் சுகத்தைப் பற்றி எழுதும்போது ஊரில் எதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறோமோ அந்தப் பேரையே எழுது. உம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை ஹாஸ்டலில் சேர்ந்ததும் அன்னையே என்று எழுத ஆரம்பித்தாய், சரி, மெட்ராஸ் தண்ணீர் அப்படி என்று விட்டுவிட்டேன். அந்தத் தூய தமிழ் நம் குடும்பத்தையே ஆட்டிவைக்கும் என்று நான் கண்டேனா.

போன கடிதத்தில் நீ எழுதியது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. என் முன்கையில் போதிய வலு இல்லை, எதிரே வருவதைத் தாங்க முடியவில்லை, பின்கை பரவாயில்லை, பயிற்சியாளர் கவலைப்படுகிறார், தேறாவிட்டால் என்னை ஒதுக்கிவிடுவார்கள். இவ்வளவுதான் எழுதியிருந்தாய். டென்னிஸ் என்று ஒரு வார்த்தை, பந்து என்று ஒரு வார்த்தை, மட்டை என்று ஒரு வார்த்தை உண்டா அதில்? நீ பந்து விளையாடுவது எனக்குத் தெரியும், பந்துக்கு முன்கை பின்கை உண்டென்று யாருக்குத் தெரியும். மணிக்கட்டுக்கு மேலே முழங்கைக்குக் கீழே இருப்பதுதான் முன்கை, அதில் வலு இல்லை என்று பெற்றவளுக்கு எழுதினால் அவள் என்ன நினைப்பாள்? பின்கை எது என்றுதான் புரியவில்லை. பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி வந்து உட்கார்ந்து, அது புறங்கையாகத்தான் இருக்கும், புறங்கையில் உணர்ச்சி இருக்கிறது, முன்கை மரத்துவிட்டது, சந்தேகமே இல்லை இது வாதம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவள் காதில் விழுந்தது அஸர் தொழுகைக்குள் தெருவெல்லாம் போய்விட்டது. நான் அழுத அழுகையில் உலையில் வைத்த சோறு அடிப்பிடித்தது. ஏர்வாடி தர்ஹாவுக்கு வெள்ளியில் கை செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டேன், அபிராமத்து வைத்தியரிடம் ஆள் அனுப்பி வாதத் தைலம் காய்ச்சி வாங்கி, மெட்ராஸ் போகிற சதக்கத்துல்லாவிடம் கொடுத்துவிட்டேன், பாக்கருக்குக் கை விழுந்துவிட்டது என்று கொழும்புக்குத் தந்தியும் அடித்தாயிற்று. உன் வாப்பா கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, தனுஷ்கோடியில் இறங்கி, என்னையும் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போகலாம் என்று இங்கே வந்து சேர்ந்த அன்றுதான் உன் இரண்டாவது கடிதம் வருகிறது. தைலத்தை அறைப் பையன்கள் தலைக்குத் தேய்த்துக் குளித்துவிட்டார்களாம், முன்கை என்றால் மட்டையால் வலப்பக்கமாக அடிக்கும் அடியாம், இங்கிலீஷில் அதற்கு ஃபோர்ஹேண்ட் என்று பேராம், நீ விழுந்து விழுந்து சிரித்தாயாம். சிரி மகனே, நன்றாகச் சிரி.

அந்த இங்கிலீஷ் வார்த்தையையே முதலில் எழுதியிருந்தால் ஹைஸ்கூல் டிரில் வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்போம். இப்போது மட்டும் ஒரு பக்கம் முழுக்க விளக்கம் எழுதியிருக்கிறாய். அடிக்குப் பலம் கையில் இல்லையாம், கையைத் தளர்வாக விட வேண்டுமாம், காலை ஊன்றி இடுப்பைத் திருப்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கை தானே வரும், பந்தை உடம்புக்கு முன்னால் வைத்து அடிக்க வேண்டும் என்று கோச்சு சொல்கிறாராம். பலம் இடுப்பில்தான் இருக்கிறது என்றால் கையைப் பற்றி ஏன் எழுதினாய்? இடுப்பில் வலு இல்லை என்று எழுதாமல் விட்டாயே, அதற்கு அல்ஹம்துலில்லாஹ், எழுதியிருந்தால் உனக்குப் பேசி வைத்திருக்கும் பெண் வீட்டார் அன்றைக்கே ஊரை விட்டு ஓடியிருப்பார்கள். உன் வாப்பாவைக் கேட்டால் அது வேறு கூத்து. மகனுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கோபப்படுவார் என்று பார்த்தால், முற்றத்தில் நின்று பனை ஓலை விசிறியைப் பிடித்துக்கொண்டு, நீ எழுதியபடியே இடது காலை முன்னே வைத்து இடுப்பைத் திருப்பி ஓங்கி அடித்துப் பார்த்தார். அரிக்கன் விளக்கின் சிம்னி தூள், அவருக்கு இடுப்பும் பிடித்துக்கொண்டது. அடி சரியாகத்தான் விழுந்தது என்று படுத்துக்கொண்டே சொல்கிறார்.

சிரிப்பு இதோடு போதும். உனக்கு மாமனாராகப் போகிற மீரா சாகிபு, உன் இரண்டாவது கடிதம் வருவதற்கு முன்பே இங்கு வந்தார். வைத்த தேயிலைத் தண்ணீரைத் தொடவில்லை. நிக்காஹ் மஜ்லிஸில் மாப்பிள்ளையின் வலக்கையைப் பிடித்துத்தானே பெண்ணை ஒப்புக்கொடுக்க வேண்டும், நான் எந்தக் கையைப் பிடிப்பது, ரஜபு மாதத்தில் நிக்காஹ் வேண்டாம், தள்ளிப்போட்டுக்கொள்வோம் என்றார். தள்ளிப்போடுவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா. பிறகு வாப்பா உன் இரண்டாவது கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிடித்த இடுப்போடு அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அவர் நம்பவில்லை. பந்தாம், அதற்கு முன்கையாம், நோயை மறைக்க இப்படியும் ஒரு கதையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த நேரம் பார்த்து நீ அதே கடிதத்தின் அடியில், முன்கை தேறி வரும் சமயம், லீவில் பந்தயம் இருக்கிறது, நிக்காஹை இரண்டு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். நாமே தள்ளச் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? கை விழுந்தது உண்மைதான் என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

இன்னொன்றும் கேள். அவர் இங்கிருந்து போய்த் தள்ளிப்போடுவதாக வீட்டில் சொன்ன அன்று, பந்து மட்டை எதுவும் தெரியாத நேரத்தில், தன் வாப்பாவுக்கு முன்னால் வாய் திறக்காத அந்தப் பெண் நஸீரா கதவுக்குப் பின்னால் நின்று சொல்லியிருக்கிறாள், "வலக்கை விழுந்துருந்தா இடக்கையப் புடிச்சுக் குடுங்க வாப்பா. எனக்கு அவுகதான்." ரம்ஜான் பீவி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெண் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது, உன் மேல் இருந்த கோபம்கூட அடங்கிவிட்டது. உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்ததும் திரும்பி வந்துவிட்டது.

ஆகையால் பந்தயமும் வேண்டாம் தள்ளிப்போடுவதும் வேண்டாம். லீவு விட்ட அன்றே ரயில் ஏறு. அடுத்த வருஷமும் பந்து வரும், மட்டை வரும், இப்படி ஒரு பெண் வரமாட்டாள். அதுவரை அந்தக் கோச்சு சொன்னபடி நன்றாகப் பழகு, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முட்டையும் பாலும் தவறாமல் சாப்பிடு. மஜ்லிஸில் மீரா சாகிபு உன் வலக்கையைப் பிடிக்கும்போது அந்த வலு எல்லாவற்றையும் அங்கே காட்டு. அவராக விடச் சொல்லும்வரை விடாதே.

வெள்ளிக் கை தயாராகிவிட்டது, நிக்காஹ் முடிந்ததும் இரண்டு பேருமாகப் போய்ச் செலுத்துங்கள். தைலத்தில் மிச்சம் இருந்தால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மறக்காமல் கொண்டு வா, வாப்பாவின் இடுப்புக்கு வேண்டும். தொழுகையை விடாதே. ரப்பு உனக்கு நீண்ட ஆயுளையும் எல்லோருக்கும் புரிகிற தமிழையும் தருவானாக. ஆமீன்.

இரண்டு கையும் ஏந்தி துஆச் செய்யும்
உன் உம்மா (அன்னை அல்ல)
உம்மு ஹபீபா